வானத்துக் கமராவுக்கு எந்தக் கண்ணாடி?

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்து வயல்கள் நீரில் மூழ்கிய வேளை அது. கரடியனாற்றுப் பக்கத்தில் பெரும்போகப் பயிர் இன்னும் இளம் பயிர். பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த குடும்பங்களுக்குத் தத்தம் வட்டையை எட்டிப் பார்க்கவும் வழியிருக்கவில்லை. அழிவைப் படமெடுத்து வைத்தால் நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு உதவும் என்று எண்ணி, கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் இளைஞர் ஒருவரை அவருடைய ட்ரோனுடன் அழைத்தோம். மழை சற்று ஓய்ந்த ஒரு பின்னேரம், கருமுகில் மூடிய வானத்தின் கீழ் அவர் படமெடுத்தார்.

படங்களைக் கணினியில் விரித்துக் காட்டியபோது தாயார் ஒருவர் நீண்ட நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி, எங்கட வயலெல்லாம் கடலாக் கிடந்துது. படத்தில சேறாத்தான் தெரியுது. மறுகா என்னெண்டு நம்புவாங்க?"

அவர் சொன்னதே நடந்தது. நாம் சென்ற அலுவலகத்தில், வரம்புகள் தெளிவில்லை, நீர் நிற்பதும் தெரியவில்லை என்று படங்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அவர்களைக் குறை கூற எமக்கு வாய் வரவில்லை. கமராவின் வில்லைக்கு முன்னால் மாட்டியிருந்த சிறு கண்ணாடியொன்றை நாம் எவரும் கவனிக்கவில்லை. அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இதனைப் பில்டர் என்பார்கள். அன்று மாட்டியிருந்தது இரு வேலைகளை ஒன்றாகச் செய்யும் கண்ணாடி. ஒரு வேலை, ஒளியைக் குறைப்பது. 'என்.டி. 16' என்று எழுதியிருந்தால், வரும் ஒளியில் பதினாறில் ஒரு பங்கே உள்ளே போகும், 'என்.டி. 8' எட்டில் ஒரு பங்கை விடும். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்க முடியாது. எனவே கொளுத்தும் வெயிலில் ஒவ்வொரு படத்துக்கும் கமரா கண் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியின் 800இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வீடியோ எடுப்போருக்கு இது பிடிப்பதில்லை. அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும். விநாடிக்கு 25 படங்கள் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 50இல் ஒரு பங்கு விநாடி வேண்டுமென்பது அவர்களின் கணக்கு. 'என்.டி. 16' மாட்டினால் அந்தக் கணக்குச் சரியாக வந்துவிடும். மணமக்கள் ஊர்வலத்துக்கு அது அழகு.

வயலை அளப்பதற்கு அதுவே கேடு. ட்ரோன் விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வையுங்கள். 50இல் ஒரு பங்கு விநாடியில் அது 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். படம் அந்த அளவுக்கு இழுபடும். கண்ணாடியைக் கழற்றினால், 800இல் ஒரு பங்கு விநாடியில் நகர்வது 1 சென்ரிமீற்றரிலும் குறைவு. நாமோ முகிலிருட்டில் இந்தக் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிப் பறக்கவிட்டோம். வரம்புகள் கலங்காமல் வேறென்ன செய்யும்? நிலத்தைப் படமெடுக்கும்போது இந்தக் கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்பது எமது முடிவு.

இரண்டாவது வேலை, பளபளப்பை அகற்றுவது. இதைச் செய்வது போலரைசர். மீனவர் சிலர் அணியும் வெயிற் கண்ணாடியிலும் இதே தன்மையுண்டு; வாவியின் மேற்பரப்பு மினுக்கம் மறைந்து உள்ளே மீன் தெரியும். நீர்ப்பரப்பைச் சரிவாக, கிடையிலிருந்து ஏறக்குறைய 37 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும்போதே இது மிக நன்றாக வேலை செய்யும். நேர் கீழே பார்த்தால் அநேகமாகப் பயனில்லை. குளத்தின் அடிமண்ணையோ நீர்த்தாவரத்தையோ பார்க்க வேண்டுமானால் நல்ல துணை. ஆனால் வெள்ளத்தை நிரூபிக்க வேண்டியவருக்கு அந்த மினுக்கமே சாட்சி! அதைத் துடைத்துவிட்டால் நீர் நிற்கும் வயல் உழுத சேறு போலத் தோன்றும். அந்தத் தாயார் கண்டது இதைத்தான்.

கண்ணாடி இல்லாவிட்டாலும் ஓர் இடையூறு உண்டு. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் எமது உச்சிக்கு நேரே வருகிறது. சிறுபோகத்துக்கு நீர் கட்டிய வயலை அந்நேரம் மேலிருந்து நேர் கீழாக எடுத்தால், படத்தின் நடுவில் சூரியனே வெள்ளைப் பொட்டாக விழும். எந்தப் பில்டரும் இதை நீக்காது. காலை ஒன்பது மணிக்கோ பின்னேரம் மூன்று மணிக்கோ பறக்கவிடுவதே பரிகாரம்.

நிற்க, பயிரின் நலத்தைக் காட்டும் பில்டர் ஒன்றும் உண்டு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும்; எமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையில் இந்த வேறுபாடு குறையும். நீரோ அகச்சிவப்பை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்தைக் காட்டவும் இது உதவும். இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அகச்சிவப்பு 50, சிவப்பு 5 என்றால் 45ஐ 55ஆல் வகுக்க 0.82 வரும், அது செழித்த பயிர்.

சாதாரணக் கமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பல தொலைபேசிகளில் ஒரு மங்கல் வெளிச்சம் தெரியும். அது தடுப்பைத் தாண்டி வந்த அகச்சிவப்பு. அந்தத் தடுப்பைக் கழற்றி, சிவப்பைத் தடுக்கும் நீலக் கண்ணாடியை மாட்டினால் கமரா பயிரைப் பார்க்கத் தொடங்கும். அமெரிக்காவில் 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது பலூனிலும் பட்டத்திலும் கமரா கட்டிக் கரையோரத்தைப் படமெடுத்த 'பப்ளிக் லாப்' குழுவினர், 2013 இல் இத்தகைய மலிவுக் கமராவை உருவாக்கினார்கள். எமது பிள்ளைகள் ஏற்றும் பட்டமும் இதற்குப் போதும் என்பது எமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. இலங்கையிலும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் நெல்வயல்களை ட்ரோனில் அகச்சிவப்புக் கமரா பூட்டி ஆராய்ந்திருக்கிறது.

ஆயினும் இப்படம், பயிர் வாடுகிறது என்று சொல்லுமேயன்றி ஏன் வாடுகிறது என்று சொல்லாது. அறக்கொட்டியானா, பசளைக் குறைவா, வாய்க்கால் தூர்ந்ததா என்பதை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். (2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வயல் மஞ்சளித்ததைக் காண எவருக்கும் ட்ரோன் தேவைப்படவில்லை.)

பில்டரை அந்தந்த ட்ரோனுக்கென்றே செய்ததாக வாங்க வேண்டும். பாரம் கூடினால் கமராவைத் தாங்கும் சிறு மோட்டார் திணறும். மின்னிணைப்புக் கொடுக்கு முன்னரே மாட்ட வேண்டும். சாறன் நுனியால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும்.

ட்ரோன் உரிமையாளரிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் உண்டா என்று முதலில் கேளுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் சில காலம் எவருமே பறக்கவிட முடியாதிருந்தது. எமது பகுதியில் வானத்தில் ஏதேனும் இரைந்தால் முதியோர் இன்றும் திடுக்கிடுகிறார்கள். அயலவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நாம் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு தரம், தேவையானால் போலரைசருடன் மறு தரம் எடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், மாட்டிய கண்ணாடி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, வட்டவிதானையிடமும் ஒரு கையொப்பம் வாங்குகிறோம். இன்னுமொன்று: மழை தொடங்கு முன்னரே, வரம்புகள் தெளிவாகத் தெரியும் ஐப்பசி முற்பகுதியில், உங்கள் வட்டையை ஒருமுறை எடுத்து வையுங்கள். வெள்ளத்துக்குப் பின் எடுக்கும் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.