பழைய காரில் பாட்டு – 9: உடம்பெல்லாம் பிளஸ்

ஸ்பீக்கர்களைப் போன கிழமை வைத்து முடித்தாயிற்று. கதவுத் தகரத்தை வெட்டாதீர்கள் என்று நான் கத்தியதும் நினைவிருக்கும். இந்தக் கிழமை அம்பிளிபயரை எங்கே பூட்டுவது என்று சொல்வதாக வாக்கு. சொல்லத்தான் வந்தேன். ஆனால் துளை போடுகிற மெஷினை எடுக்க முதல் பொனற்றைத் திறந்து பற்றறியைப் பாருங்கள். எந்த முனையிலிருந்து தடித்த வயர் காரின் உடம்புக்குப் போகிறது?

இன்றைய கார் என்றால் மைனஸ். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடிய மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40 யிலும், பிறகு யாரும் கைவைத்து மாற்றியிருக்காவிட்டால், பிளஸ். மட்கார்ட், டாஷ்போர்ட், டிக்கித் தகரம் எல்லாமே பிளஸ். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. டிரான்சிஸ்டரும் ஆல்டர்னேட்டரும் பரவிய பிறகு, 1960களின் பிற்பகுதியில்தான் மெல்ல மெல்ல மைனஸுக்கு மாறின.

இப்போது உங்கள் புது அம்பிளிபயரைப் பாருங்கள். பாட்டு வருகிற வயரின் வெளிச்சுற்று மைனஸோடு சேர்ந்தது. பல அம்பிளிபயர்களில் அலுமினியக் கூடும் அப்படியே. அதைக் கொண்டுபோய் இரும்புத் திருகால் பிளஸ் உடம்பில் இறுக்கினால், பற்றறியின் இரண்டு முனைகளையும் அந்தத் திருகே சேர்த்துவிடும். பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் வயர் சிவந்து, உறை உருகி, சீட்டுக்குக் கீழே புகை வரும். றேடியோவுக்கும் இதே கதைதான். அதன் கூடு மைனஸ், ஏரியலின் அடியும் மைனஸ். ஏரியலைப் பூட்டியிருக்கும் மட்கார்ட்டோ பிளஸ்.

உடம்பையே வயராகப் பாவிப்பது நமக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டவர்களுக்குத் தெரியும். டைனமோவிலிருந்து லைற்றுக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பி வருகிற பாதை சைக்கிளின் பிரேம். இதே ஏ-40கள் அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதலாம். ஆசிரியர் விடமாட்டார்.

பிளஸ் உடம்போடு மல்லுக்கட்டுவதைவிட முனைகளைத் திருப்பிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. இதைச் சொன்னதும் மைனர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் பதறிவிட்டார். "அப்ப ஸ்டார்ட்டர் மறுவளமாச் சுத்தாதோ தம்பி?"

"சுத்தாது மாஸ்டர்."

இந்தக் கிழமை முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இந்தப் பதில்தான். ஸ்டார்ட்டருக்குள்ளே சுழல்கிற சுருளுக்கும் நிற்கிற சுருளுக்கும் ஒரே கரண்ட் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. முனையைத் திருப்பினால் இரண்டின் காந்தமும் ஒருமிக்கத் திரும்பும். வடக்கு தெற்காகிறது, எதிரே நின்ற தெற்கும் வடக்காகிறது. தள்ளுகிற திசை மட்டும் மாறுவதில்லை. உள்ளே நிலைக்காந்தம் வைத்த மோட்டார் என்றால் மறுவளம் சுற்றியிருக்கும். இந்தக் கார்களில் உள்ள லூக்காஸ் ஸ்டார்ட்டருக்கு எந்த முனை எங்கே என்ற கவலையே கிடையாது. கேட்டதும் மாஸ்டர் கணக்குத் தீர்ந்த முகத்தோடு தலையாட்டினார்.

மற்ற வேலைகள் சில்லறை. பற்றறியைக் கழற்றும்போது உடம்போடு சேர்ந்த முனையை முதலில் கழற்றுங்கள், அதாவது இங்கே பிளஸை. அப்போதுதான் சாவி தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது. பற்றறியின் பிளஸ் தலை மைனஸை விடத் தடிப்பு, ஆகவே கிளாம்புகளும் மாற வேண்டும். இக்னிஷன் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். எஸ்யு பெற்றோல் பம்புக்குள் டயோட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இருந்தால் அதையும் திருப்ப வேண்டும். காரின் டைனமோவுக்கு மட்டும் புது முனையைப் பழக்க வேண்டும். பற்றறியைத் திருப்பி வைத்தபின், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல், டைனமோவின் சின்ன முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றறி பிளஸிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஓரிரு தரம் தொட்டு எடுங்கள். சின்னதாய் ஒரு பொறி வரும். அதற்குள் இருக்கும் இரும்பு தன் பழைய காந்தத்தை மறந்துவிடும்.

முனை மாறினாலும் அம்பிளிபயரை நேரே தகரத்தில் இறுக்காதீர்கள். 12 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையில் அதைப் பூட்டி, பலகையை வேறு திருகுகளால் காரில் பூட்டுங்கள். அம்பிளிபயரின் திருகு பலகையைத் தாண்டித் தகரத்தைத் தொடக் கூடாது. பற்றறியிலிருந்து வரும் வயரில் இரண்டு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது காப்பது வயரை, அம்பிளிபயரை அல்ல. தகரத்துக்குள்ளால் வயர் போகிற ஓட்டையில் றப்பர் வளையம் இல்லாவிட்டால், குலுங்கிக் குலுங்கி வயரின் உறை அறுந்துவிடும்.

பலகையை எங்கே வைப்பது? டிக்கித் தளம் என்றுதான் எல்லோரும் கை காட்டுவார்கள். மைனர் சலூனில் அந்தத் தகரத்துக்கு நேர் கீழே பெற்றோல் தாங்கி இருக்கிறது. துளை போடுகிற மெஷினோடு அங்கே போகவே வேண்டாம். வேறெங்கே என்பதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை, அடுத்த கிழமை. அதற்குள் டைனமோவில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். லூக்காஸ் சி39 என்றால் 19 அம்பியர், சி40 என்றால் பெரும்பாலும் 22. ஹெட்லைற்றும் எரிய, நாலு ஸ்பீக்கரும் அலற, அது போதுமா என்று பார்க்க வேண்டும்.