பதிவைப் படித்து வந்த பரிசு

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை முடக்கிப்போட்டது. விமானங்கள் ரத்தாயின. நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்திடம் பயணிகள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் கேள்விகளைக் குவித்தார்கள். ஊழியர்கள் அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்துக்கு வந்துவிட்டதாக யாராவது, இருக்கும் இடத்தைப் பகிரும் ஃபோர்ஸ்கொயர் செயலியில் பதிந்தால், ஒரு சிறு குழு அவருடைய பொதுப் பதிவுகளைப் புரட்டும். ஏன் போகிறார், எது பிடிக்கும் என்று பார்த்து, அதற்கேற்ற சின்னப் பரிசை அவர் விமானம் ஏறுவதற்குள் ஓடிப்போய்க் கொடுக்கும். நியூயார்க் போவதால் பிஎஸ்வி ஐந்தோவன் கால்பந்து அணியின் ஆட்டத்தைத் தவறவிடுகிறேனே என்று ஒருவர் வருந்தியிருந்தார். அவருக்குக் கிடைத்தது நியூயார்க் வழிகாட்டி நூல். கால்பந்து பார்க்க வசதியான மதுக்கூடங்களை அதில் நீல நிறத்தில் குறித்திருந்தார்கள்!

புத்தகத்தின் விலை பெரிதில்லை. தான் எழுதியதை ஒருவர் அக்கறையாகப் படித்திருக்கிறார் என்பதுதான் அந்தப் பயணியைத் தொட்டிருக்கும்.

இன்று இந்தத் தேடலை மென்பொருள் செய்கிறது. நிறுவனத்தின் பெயர், அதைப் பிழையாக எழுதும் விதங்கள், ‘தாமதம்’, ‘பழுது’ போன்ற சொற்கள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் தொடர்புள்ள பதிவுகளைத் திரட்டித் தரும். கோபத்தையும் கிண்டலையும் பிரித்தறிய இன்னும் மனிதக் கண் வேண்டும். பொதுவில் சொல்லாத சொந்த விஷயத்தைத் துருவி எடுத்து நீட்டினாலோ, வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி வராது, பயம்தான் வரும்.