புண் ஆற்றும் பித்தப்பை

தீங்கு செய்யுமா என்று கேட்டே பழகிய ஓர் ஆய்வுக்கூடம், உதவி செய்யுமா என்றும் கேட்கத் தொடங்கியது. விடை கிடைக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம் போனால் ஸ்ரீவராகம். படிகள் இறங்கும் பெரிய குளமும் லட்சுமி வராகர் கோயிலும்தான் இந்தப் பகுதியின் அடையாளம். மூழ்கிப்போன பூமியைக் கோரைப்பல்லில் தாங்கி மேலே கொண்டுவந்த வராக மூர்த்திக்கு இங்கே வழிபாடு நடக்கிறது. இங்கிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பூஜப்புரை. அங்குள்ள ஒரு பழைய அரண்மனை வளாகத்தில், இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போகும் பன்றியின் பித்தப்பை மனிதர்களின் ஆறாத புண்ணுக்கு மருந்தாகியிருக்கிறது.

அதன் பெயர் கோலிடெர்ம். உருவாக்கியவர்கள் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் சோதனை நோய்க்குறியியல் பிரிவினர். தலைமை தாங்கியவர் பேராசிரியர் டி.வி. அனில்குமார். பாலூட்டி விலங்கின் உறுப்பிலிருந்து இந்தியாவிலேயே உருவான முதல் திசுப் பொறியியல் தயாரிப்பு என்று 2023இல் இதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. மருத்துவச் சாதனங்களில் மிக அதிக ஆபத்துக்கு வாய்ப்புள்ளவை ‘டி’ பிரிவில் வைக்கப்படுகின்றன. கோலிடெர்ம் அந்தப் பிரிவைச் சேர்ந்தது.

இந்த வெற்றியின் வேர் தேடினால் நச்சியலில் போய் நிற்கும். மருந்தானாலும் உலோகமானாலும் பிளாஸ்டிக்கானாலும், உடலுக்குள் போகும் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது நச்சியல்காரர்களின் தொழில்.

அரண்மனையில் ஆட்டுப் பரிசோதனை

பூஜப்புரையின் சாட்டல்மண்ட் அரண்மனை ஒரு காலத்தில் மகாராணி சேது லட்சுமிபாயின் இருப்பிடம். அரச குடும்பம் அதை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் முதல் இயக்குநரான இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தானுக்கு ஒரு கவலை இருந்தது. வெளிநாட்டு இதய வால்வை வாங்க வசதியில்லாத நோயாளி என்ன செய்வார்? உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்ய அவருடைய குழு இறங்கியது. முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் ஆடுகளில் தேறி, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

மூன்று தோல்விகளும் ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்துவிட்டதுதான் இந்தக் கதையின் முக்கிய அம்சம். சாதனத்தைச் செய்கிறவர்களோடு, அதில் குறை கண்டுபிடிக்கிறவர்களும் அதே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். ஒரு பொருள் செல்களைக் கொல்கிறதா, ரத்தத்தை உறையவைக்கிறதா, காய்ச்சல் வரவழைக்கிறதா, மரபணுவைக் கெடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது அவர்கள் வேலை. உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 10993 தரக்கோவை இந்தக் கேள்விகளைத்தான் வரிசைப்படுத்துகிறது.

அடுத்த தலைமுறையின் கணக்கு

வரிசையில் மிகவும் பொறுமை கேட்கும் கேள்வி இனப்பெருக்க நச்சியலுடையது. பொருள் நோயாளிக்கு நல்லது செய்யலாம். அவருக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு? இதற்கு ஒரு வாரத்தில் பதில் வராது. எலியின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏழு வாரத்துக்கும் மேல் ஆகும். மனிதனுக்குச் சுமார் 74 நாள். எனவே விலங்குகளுக்கு வாரக்கணக்கில் பொருளைக் கொடுத்து, இணை சேரவிட்டு, கருவையும் குட்டிகளையும் பார்த்த பிறகுதான் வாய் திறக்க முடியும்.

இந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது ஒரு விபரீதம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் பயன்பட்டது. 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்துவிட்டன. பிறகு சோதித்தபோது எலிகளில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. முயல்களில் கோளாறு தெரிந்தது. ஒரே ஒரு விலங்கை நம்பக்கூடாது என்ற பாடம் அப்படி வந்தது.

கேரளத்துக்கு இது வெறும் ஏட்டுப்பாடம் அல்ல. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள் மீது 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அங்கே வளர்ந்த ஆண் சிறுவர்கள் பருவமடைவது தாமதமாகிறது என்று அகமதாபாத்தின் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2003இல் வெளியானது. உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது 2011இல்தான்.

மருத்துவமனைக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. ரத்தப்பை செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கை வளையச் செய்ய டிஇஹெச்பி என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. அது கசிந்து ரத்தத்தில் கலக்கிறது என்பது 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆண் எலிக்குட்டிகளின் விரைகளை அது பாதிக்கும் என்பதும் உறுதியானது. ஆனால் அதே ரசாயனம்தான் சேமித்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கவும் உதவுகிறது. நஞ்சும் நன்மையும் ஒரே பையில். எடுத்தெறிவது சுலபமாக இல்லாததால்தான் மாற்றுப் பொருள் தேடும் வேலை பல்லாண்டுகளாக நடக்கிறது.

விலகி நிற்பதா, கலந்துபோவதா?

உடல் எந்தப் பொருளைக் கண்டுகொள்ளாமல் விடுகிறதோ அதுவே நல்ல பொருள் என்பது பழைய சித்தாந்தம். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஒரு நார் உறையால் மூடி ஒதுக்கிவைக்கும். ஒதுக்கல் அமைதியாக நடந்தால் பொருள் பாஸ்.

திசுப் பொறியியல் இதைத் தலைகீழாக்கியது. 1993இல் அமெரிக்காவின் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாண்டியும் இந்தத் துறைக்கு இலக்கணம் எழுதினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல உடலுக்குள் ஒரு சாரத்தை வைக்க வேண்டும். செல்கள் அதில் ஏறி வேலை செய்து புதுத் திசுவைக் கட்டியதும் சாரம் மறைந்துவிட வேண்டும். அதாவது உடல் இந்தப் பொருளை ஒதுக்கக்கூடாது. தின்று தீர்க்க வேண்டும்.

இங்கேதான் நச்சியல் படித்த கண்ணுக்கு வேலை வருகிறது. உடல் ஒரு பொருளைத் தின்னும்போது அந்த இடத்தில் அழற்சி உண்டாகும். நஞ்சு விழுந்தாலும் அழற்சிதான். மைக்ராஸ்கோப்பின் கீழ் முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ‘மேக்ரோஃபேஜ்’ என்ற விழுங்கு செல்களில் ஒரு வகை, எதிரியைத் தாக்கும். எம்2 எனப்படும் இன்னொரு வகை, சண்டையைத் தணித்துப் புதுத் திசு கட்ட உதவும். கோலிடெர்ம் வைத்த இடத்தில் ஆற்றும் வேலையை எம்2 வகையே முன்னின்று நடத்துகிறது என்பதை அனில்குமார் குழு கண்டது.

தயாரிக்கும் தத்துவம் எளிது. பித்தப்பையிலிருந்து செல்களை முழுக்க நீக்கிவிட்டால், அவற்றைத் தாங்கிநின்ற புரத நார்ப்பின்னல் மட்டும் மிஞ்சும். பன்றியின் செல்களில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை மனித உடல் எதிரியாகப் பார்ப்பதால், இந்தச் சுத்திகரிப்பில் அலட்சியம் கூடாது. மெல்லிய சவ்வாக எடுத்த பின்னலை எலி, முயல், நாய்களின் புண்களில் வைத்துப் பார்த்தார்கள். தீக்காயம், நீரிழிவுப் புண் உள்படப் பலவகைப் புண்கள் சந்தையிலிருந்த ஒத்த பொருள்களைவிட வேகமாக, குறைந்த தழும்போடு ஆறின. தொழில்நுட்பம் 2017இல் அலிகார்ன் மெடிக்கல் என்ற புது நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. சித்திரைத் திருநாளின் தொழில் வளர்ப்பு மையத்திலேயே தொடங்கிய கம்பெனி அது.

பணமும் மனமும்

10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கும் நாடு இது என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. காலில் ஆறாத புண் வந்தால் பலருக்கு அது விரலையோ பாதத்தையோ இழப்பதில் முடிகிறது. விலங்குத் திசுவில் செய்த புண் மருந்துகள் இறக்குமதியாகி வந்ததால் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. 10,000 ரூபாய் ஆகும் சிகிச்சையைக் கோலிடெர்ம் 2,000 ரூபாய்க்குக் கொண்டுவர முடியும் என்பது அங்கீகாரம் கிடைத்தபோது அரசு சொன்ன கணக்கு. இறைச்சிக்கூடக் கழிவுக்கு விலை கிடைப்பதால் பன்றி வளர்ப்பவருக்கும் லாபம்.

பன்றி என்றதும் தயங்குபவர்கள் இருப்பார்கள். மருத்துவத்துக்கு இது புதிதல்ல. பன்றியின் வால்வு பல்லாண்டுகளாக மனித இதயத்தில் துடிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே வருகிறது. ஆனாலும் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று நோயாளிக்குச் சொல்லிச் சம்மதம் வாங்குவதே முறை. ஒப்புவதும் மறுப்பதும் அவர் உரிமை.

இதே பித்தப்பைப் பின்னலை ஊசியில் ஏற்றும் கூழாக்கி, மாரடைப்பு வந்த எலிகளின் இதயத்திலும் சோதித்திருக்கிறார்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வர நீண்ட தூரம் இருக்கிறது. வால்வு மூன்று முறை தோற்ற வளாகம் இது. ‘இன்னும் இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் நான்காவது முறை ஒரு நோயாளி உயிரோடு வீடு போனார். புது விஞ்ஞானத்துக்கும் இந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் முதல் விதி அதுவேதான்.