புண் ஆறும் கணக்கு

“இன்னும் எத்தனை நாளில் புண் ஆறும்?” கட்டு மாற்றும் அறையில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுவே. இதற்கு விடை தேடியவர்களுள் கணித அறிஞர்களும் உண்டு.

தோலில் காயம் ஏற்பட்டால், அதன் ஓரத்திலுள்ள செல்கள் தனித்தனியே ஓடுவதில்லை. ஒன்றையொன்று பற்றியபடி, ஒரே விரிப்பாக உள்நோக்கி நகர்கின்றன. பின்னுள்ள செல்கள் பிரிந்து பெருகி, விரிப்பை வளர்க்கின்றன. 1990-ஆம் ஆண்டில் ஷெரட், மரே என்னும் இரு அறிஞர்கள் இந்நிகழ்வைச் சமன்பாடுகளாக வடித்தனர். இவ்வகைச் சமன்பாடுகளின் மிக எளிய வடிவில், ஓரம் முன்னேறும் வேகம், செல்களின் நகரும் திறனையும் பெருகும் திறனையும் பெருக்கிவரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அமைகிறது. பெருகும் திறன் மட்டும் நான்கு மடங்கானாலும் வேகம் இரு மடங்கே ஆகும். ஆகவே, புண் ஆறுவதில் பொறுமை தவிர்க்க இயலாதது.

இழுக்கும் விசையை அளந்த ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. முன்வரிசைச் செல்கள் மட்டும் மற்றவற்றை இழுத்துச் செல்வதில்லை. பல வரிசைகள் பின்னுள்ளவையும் சேர்ந்தே இழுக்கின்றன என்று அது காட்டியது. தேர்வடத்தை ஊரே பற்றி இழுப்பது போன்றது இது.

இதிலிருந்து நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை சில உண்டு. காய்ந்து ஒட்டிய கட்டைப் பிய்த்து எடுத்தால், புதிதாகப் படர்ந்த மெல்லிய விரிப்பும் கிழியும். செல்கள் மீண்டும் தொடங்க வேண்டும். எனவே உப்புநீரால் நனைத்தே கட்டைப் பிரிக்கிறோம். ‘காற்றுப் பட்டால் விரைவில் ஆறும்’ என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் உலர்ந்த பொருக்கின் அடியில் செல்கள் வழி தேடிச் செல்ல நேர்கிறது. மூடி ஈரப்பதம் காக்கப்பட்ட காயங்களில் புதுத்தோல் விரைவாகப் படர்வதை, 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் நிகழ்த்திய ஆய்வில் கண்டார். கட்டுப்படாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆழ்ந்த புண்ணில் தோல் மூடுமுன் அடியில் சதை வளர வேண்டும். இரத்த ஓட்டமும் சீராக இருத்தல் வேண்டும். ஆதலால் எந்தச் சமன்பாடும் உங்கள் புண் ஆறும் தேதியைக் குறித்துத் தராது. அதனாலேயே புண்ணின் நீள அகலங்களை அளந்து குறித்து வருகிறோம். சர்க்கரை நோயால் வரும் பாதப் புண், உரிய சிகிச்சைக்குப் பின்னும் நான்கு வாரங்களில் பாதியளவேனும் சுருங்காவிடில், சிகிச்சை முறையை மீண்டும் ஆராய வேண்டும். அந்த அளவைக் கேட்டறிவது உங்கள் உரிமை. சிவப்பு பரவினாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அடுத்த கட்டு நாள்வரை காத்திராமல் அன்றே வாருங்கள். காலைக் காப்பாற்றுவதற்கு அந்த ஒரு நாளும் முக்கியம்.