குடல் டிபியா, க்ரோன் நோயா?

உடுமலையைத் தாண்டி அணை அடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். அங்கே ஒருவருக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலியும் பேதியும் நிற்காமல் உடம்பு இளைத்தால், முதலில் மெடிக்கல் கடை மாத்திரை, அடுத்து உடுமலையில் ஒரு ஸ்கேன், அப்புறம் திருப்பூர், கடைசியில் கோவை. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவுகட்டி நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குப் பவர் டேபிளில் தைப்பவரால் மணிக்கு இரண்டு முறை எழுந்து போக முடியாது. நோய் முற்றும்வரை அடக்கிக்கொள்கிறார்.

இந்தத் தொல்லைகளுக்குப் பின்னால் குடல் அழற்சி இருக்கலாம். பெருங்குடல் புண் அழற்சி, க்ரோன் நோய் என்று அதில் முக்கியமாக இரண்டு வகை. அதைப் பணக்கார நாட்டு நோய், பட்டணத்து நோய் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். க்ரோன் நோய், நியூயார்க்கில் க்ரோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932-ல் விவரித்து எழுதிய நோய்தானே! ஆனால் 1999-ல் பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தபோது, லட்சத்துக்கு 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருந்தது. ஐதராபாத் ஏஐஜி மருத்துவமனை அண்மையில் கிராமங்களுக்கு மருத்துவ வண்டி அனுப்பிப் பார்த்ததில், வயிற்றுத் தொல்லையோடு வந்தவர்களில் குடல் அழற்சி உள்ளவர்களின் விகிதம் கிராமத்திலும் நகரத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

பெருங்குடலின் உட்தோலோடு நிற்கிற புண் அழற்சிக்குக் கொலனோஸ்கோபியே பெரும்பாலும் போதும். க்ரோன் நோய் குடல் சுவரின் முழுத் தடிமனையும் தின்னும். இருபதடி நீளச் சிறுகுடலில் எங்கேயும் வரலாம். கொலனோஸ்கோபி எட்டிப் பார்ப்பது அதன் கடைசித் துண்டை மட்டுமே. மீதியைக் காட்டப் பெரும்பாலும் ஸ்கேன்தான் வேண்டும்.

நம் ஊரில் அந்த ஸ்கேனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் டிபியும் வந்து உட்காரும். அதே புண், அதே சுருக்கம், அதே காய்ச்சல். டிபிக்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். க்ரோன் நோயாளிக்கு டிபி மாத்திரை கொடுத்தால் ஆறு மாதம் வீணாகி, குடல் இன்னும் சுருங்கும். திசுவை வைத்து இரண்டையும் பிரிப்பது எப்படி என்று வேலூர் சிஎம்சி குழு 1999-லேயே எழுதியது: டிபியில் நுண்கட்டிகள் பெரிதாக, நிறைய, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும், க்ரோனில் சிறிதாக, அபூர்வமாக இருக்கும்.

சிடியில் ரேடியாலஜிஸ்ட் தேடுவதும் இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான். நெறிகட்டியின் நடுப்பகுதி செத்துக் கறுத்திருந்தால், வயிற்றில் நீர் கோத்திருந்தால் டிபி பக்கம் சாயலாம். பாதிப்பு நீளமாக, விட்டுவிட்டு, ரத்தக்குழாய்கள் சீப்புப் பற்கள் போலப் புடைத்துத் தெரிந்தால் க்ரோன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்போடு ஒப்பிட்டு அளந்தார்கள், விகிதம் 0.63-ஐத் தாண்டினால் க்ரோனாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது.

இவ்வளவும் தெரிய வேண்டுமென்றால் குடல் விரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் மானிட்டால் கலந்த திரவத்தை ஒரு லிட்டருக்கு மேல், முக்கால் மணி நேரம் நிதானமாகக் குடிக்கச் சொல்லிப் பிறகு படமெடுப்பார்கள். குடிக்காமல் எடுத்த சாதாரண சிடியில் மடங்கிக் கிடக்கும் நல்ல குடலும் தடித்த குடலாகத் தெரியும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்தைத் தொடங்குவது அநியாயம்.

க்ரோன் பெரும்பாலும் இளவயதில் வந்து ஆயுள் முழுக்கத் தொடரும் நோய். ஒவ்வொரு முறையும் சிடி எடுத்தால் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். எம்ஆர்ஐயில் அந்தக் கவலை இல்லை, செலவுதான் கூடுதல். சாதா அல்ட்ராசவுண்டிலேயே குடல் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். தைராய்டு பார்க்கும் புரோபே போதும். மெஷின் உடுமலையிலேயே இருக்கிறது. கல்லீரல், கிட்னி, கர்ப்பப்பை பார்த்துப் பழகிய கண்கள் குடலை ‘கேஸ்’ என்று தள்ளிவிடுகின்றன, அவ்வளவுதான். 2022-ல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பயிற்சியைக் கையிலெடுக்க வேண்டும்.

நோயாளிகளே, ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகத்தின் பேரில் டிபி மாத்திரை தொடங்கியிருந்தால், வலி குறைந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.