எந்த லேப்டாப் வாங்கலாம், டீச்சர்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோரிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. "பிள்ளை ஒன்பதாவது வந்துட்டா. ஒரு லேப்டாப் வாங்கித் தரலாம்னு இருக்கேன். எது வாங்கலாம், டீச்சர்?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்டவர் பூ கட்டி விற்கும் ஒரு தாய். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்ட அவசரத்தில், "படிக்கத்தானேம்மா, விலை குறைவா பார்த்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவரும் அப்படியே வாங்கினார்: 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு. சில மாதங்களில் விண்டோஸ் புதுப்பிப்புக்கே இடம் போதவில்லை. இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் திரை உறைந்து நின்றது. போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் எதையும் மாற்ற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

நாம் கணினி ஆசிரியராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெற்றோர் கடைக்காரரைவிட நம் சொல்லை நம்பித்தான் பணம் போடுகிறார்கள். அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல, சில விவரங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், இப்போதே தேவையா?

பாடநூல்களைப் படிக்கவும் மணற்கேணி காணொலிகளைப் பார்க்கவும் கைப்பேசியே போதும். நீண்ட கட்டுரை தட்டச்சு செய்வது, விரிதாளில் கணக்கிடுவது, ஸ்கிராட்ச், பைத்தான் போன்றவற்றில் நிரல் எழுதிப் பழகுவது ஆகியவற்றுக்குத்தான் மடிக்கணினி உண்மையில் உதவும். மாணவருக்கு அந்த ஆர்வம் இருக்கிறதா என்பது வகுப்பில் பார்க்கும் நமக்குத் தெரியும். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால், பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் பழகிவிட்டு ஓராண்டு கழித்து வாங்கலாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டிய மூன்று

ராம்: இதை மேசை என்றும், சேமிப்பை அலமாரி என்றும் பெற்றோருக்கு விளக்கலாம். மேசை சிறிதாக இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் விரிக்க முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு. அது நிறுவிக்கொள்ளும் அளவுதான். நிம்மதியாக வேலை செய்யும் அளவு அல்ல. 8 ஜி.பி. ராம் வேண்டும். பின்னாளில் கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

சேமிப்பு: 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். '1 டி.பி. ஹார்ட் டிஸ்க்' என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வேகம் மிகவும் குறைவு. இஎம்எம்சி என்று குறிப்பிட்டிருந்தால், அந்த 64 ஜி.பி. வகைதானா என்று கவனிக்க வேண்டும்.

பிராசசர்: "ஐ5 போட்டது" என்று மட்டும் சொல்லி விற்பார்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேட்க வேண்டும். ஐ5 என்பதை அடுத்து வரும் எண் 6200 என்றால் அது 6-ஆம் தலைமுறை. ஐ3 என்பதை அடுத்து 1215 என்றால் 12-ஆம் தலைமுறை. பழைய ஐ5-ஐவிடப் புதிய ஐ3 நன்றாகவே ஓடும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. அலுவலகங்களில் பயன்படுத்தித் திருப்பிய மடிக்கணினிகள், அதே விலையில் கிடைக்கும் மலிவான புதியவற்றைவிடப் பல நேரங்களில் உறுதியானவை. ஆனால் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமில்லா இயங்குதளத்தை நிறுவலாம்.

கடையிலேயே ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். மூடித் திறந்து கீல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைஃபை, கேமரா, சார்ஜர் மூன்றையும் சோதிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கும் கடவுச்சொல்லும் நீக்கப்பட்டுள்ளனவா என்று உறுதி செய்ய வேண்டும். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 50,000 என்றும், இப்போது 25,000 என்றும் காட்டினால், பேட்டரியின் ஆயுள் பாதி போய்விட்டது. மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசலாம்.

விலைக்குள் மறைந்திருப்பவை

ஒரே மாதிரியான இரண்டில் ஒன்று மட்டும் விலை குறைவாக இருந்தால், "விண்டோஸ் சேர்த்தா, டாஸ் மட்டுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். டாஸ் என்றால் விண்டோஸுக்குத் தனியே பணம் கட்ட வேண்டிவரும். 'வட்டியில்லாத் தவணை' என்றாலும் செயலாக்கக் கட்டணம் இருக்கலாம். மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். ஆஃபீஸ் மென்பொருளுக்குச் சந்தா கேட்டால் தேவையில்லை. லிப்ரே ஆஃபீஸ் இலவசம். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. குரோம்புக் வாங்குவதானால் அதற்கான புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று பார்க்க வேண்டும்; வீட்டில் இணையம் இல்லாவிட்டால் அது அவ்வளவாகப் பயன்படாது. எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லும், பக்கத்து ஊரிலேயே பழுது பார்க்கும் மையமும் இருக்க வேண்டும்.

இப்போது பெற்றோர் கூட்டத்தன்று எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுகிறோம்:

8 ஜி.பி. ராம்.
256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.
பழையது என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்.
விண்டோஸ் உண்டா?
பில், வாரண்டி உண்டா?
பணம் கட்டுமுன் ஒரு முறை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பலர் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சிலர் கடையிலிருந்தே பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விவரத்தைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். அதைப் பார்த்துப் பதில் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அன்று அந்த அம்மாவுக்கு நான் கொடுத்திருக்கலாம்.