க்ரீன் கார்டில் தேதி இருக்கு... திரும்பிப் போக வழி இருக்கா?

"இன்னும் எட்டு வருஷத்துக்குக் கார்டு இருக்கு. முட்டி ஆபரேஷனை இங்கேயே நிதானமா முடிச்சுட்டு, அப்புறமா பையன்கிட்டே போய்க்கலாம். என்ன அவசரம்?"

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் செட்டிலான வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். க்ரீன் கார்டைத் திருப்பிப் பார்த்தால் எட்டு வருஷம் தள்ளித்தான் தேதி போட்டிருக்கும். அந்த நிம்மதியில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது!

'உடம்பைப் பற்றிப் பேசும் பத்திரிகையில் விசா சமாச்சாரம் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பல பெற்றோர் திரும்பிப் போகவேண்டிய தேதியைத் தவறவிடுவது உடம்பினால்தான். அங்கே வைத்தியச் செலவு மலைக்க வைக்கும். 65 வயதானவர்களுக்கான 'மெடிகேர்' என்ற அரசு இன்ஷூரன்ஸ், போனவுடனே கிடைத்துவிடாது. தாமோ வாழ்க்கைத் துணையோ அங்கே போதிய வருஷம் வேலை பார்த்து வரி கட்டியிருக்காவிட்டால், க்ரீன் கார்டோடு தொடர்ந்து 5 வருஷம் அங்கே குடியிருந்த பிறகுதான் பணம் கட்டிச் சேர முடியும். அதனால், 'ஆபரேஷன் என்றால் நம்ம ஊர்தான்' என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

வந்த இடத்தில் வலது முட்டி. நாலு மாதம் கழித்து இடது முட்டி. பிசியோதெரபி முடிந்து, 'டிக்கெட் போடலாம்' என்று நினைக்கும்போது வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, ஆஞ்சியோ... திரும்பிப் பார்த்தால் பதினாலு மாதம் ஓடியிருக்கும்.

அப்புறம்தான் தெரியும், கார்டில் தேதி இருந்தும் அதை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது என்று!

கார்டு வேறு, கணக்கு வேறு

க்ரீன் கார்டில் அச்சடித்திருக்கும் 10 வருஷம், அந்த அட்டையின் ஆயுள். ரேஷன் கார்டைப் புதுப்பிக்கிற மாதிரி அதையும் புதுப்பிக்கவேண்டிய தேதி, அவ்வளவுதான். 'நீங்கள் எங்கே வேண்டுமானாலும் 10 வருஷம் இருந்துவிட்டு வரலாம்' என்று அதற்கு அர்த்தம் இல்லை.

க்ரீன் கார்டு என்பது 'என் நிரந்தர வீடு அமெரிக்கா' என்று நீங்கள் கொடுத்த வாக்கு. வெளியூர் போகலாம், வரலாம். ஆனால் அது தற்காலிகப் பயணமாக இருக்கவேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கேள்விகள் எழும்.

180 நாளுக்குள் திரும்பினால்: பெரும்பாலும் பிரச்னை இல்லை.

180 நாளைத் தாண்டினால்: 1996-ல் வந்த சட்டத் திருத்தப்படி, உங்களைப் புதிதாக உள்ளே வர அனுமதி கேட்பவராகக் கருதலாம். 'இத்தனை நாள் ஏன் அங்கே இருந்தீர்கள்?' என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்பார். பதிலும் அதற்கு ஆதாரமும் கையில் இருக்கவேண்டும்.

ஒரு வருஷம் ஆகிவிட்டால்: வெறும் க்ரீன் கார்டு, திரும்பிப் போவதற்கான ஆவணமாகச் செல்லாது. விமானக் கம்பெனியே ஏற்ற மறுக்கலாம்.

'ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் போதுமே' என்பார்கள் சிலர். அது பாதி உண்மைதான். வருஷத்தில் பதினோரு மாதம் இங்கே, இரண்டு வாரம் அங்கே என்று தொடர்ந்து நடந்தால், 'உங்கள் வீடு உண்மையில் எங்கே இருக்கிறது?' என்ற கேள்வி வரத்தான் செய்யும். நாள் கணக்கு மட்டுமல்ல... அங்கே பாங்க் கணக்கு இருக்கிறதா, வரிக் கணக்கைக் குடியிருப்பவராகத் தாக்கல் செய்கிறீர்களா, எதற்காக வந்தீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வரியை மிச்சம் பிடிக்க 'நான் அங்கே குடியிருப்பவன் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், அது நாமே நமக்கு எதிராகச் சொல்லும் சாட்சி!

கிளம்புவதற்கு முன்பே ஒரு புத்தகம்

'ஆபரேஷனுக்காகப் போகிறோம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம்' என்று முன்கூட்டியே தெரிந்தால் வழி இருக்கிறது. அதன் பெயர் ரீ-என்ட்ரி பர்மிட். பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். இதற்கு ஐ-131 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.

இதில் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

முதலாவது, விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவில் இருக்கவேண்டும். சென்னைக்கு வந்து இறங்கிவிட்டு, 'பையனை விட்டுப் போடச் சொல்லலாம்' என்றால் நடக்காது. பெரும்பாலும் கைரேகை எடுக்கவும் கூப்பிடுவார்கள். ஆகவே டிக்கெட் எடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கைரேகை முடிந்ததும் கிளம்பலாம். பர்மிட்டை இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம்.

இரண்டாவது, பர்மிட் அதிகபட்சம் 2 வருஷத்துக்குத்தான். கடைசி 5 வருஷத்தில் மொத்தம் 4 வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருஷம்தான் தருவார்கள். இங்கிருந்தபடியே நீட்டிக்க முடியாது.

மூன்றாவது, பர்மிட் இருந்தாலும் அதிகாரி கேள்வி கேட்கலாம். 'ரொம்ப நாள் வெளியே இருந்தார்' என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி உங்கள் உரிமை போய்விட்டது என்று சொல்லாமல் அது காப்பாற்றும். ஆனால் குடியுரிமைக்கு வேண்டிய 5 வருஷத் தொடர் வாசத்தில் விழும் இடைவெளியை அது அடைக்காது.

டாக்டர் லெட்டர் எப்படி இருக்கவேண்டும்?

முன்கூட்டியே திட்டமிடாமல் உடம்பு படுத்திவிட்டது, ஒரு வருஷமும் தாண்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

எஸ்.பி.-1 என்று ஒரு விசா இருக்கிறது. 'திரும்பும் குடியிருப்பாளர்' விசா. இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் டி.எஸ்.-117 படிவம் கொடுத்துக் கேட்கவேண்டும். மூன்றை நிரூபிக்கச் சொல்வார்கள். கிளம்பும்போது க்ரீன் கார்டு உரிமை இருந்தது. திரும்பி வரும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன், அந்த எண்ணத்தை இடையில் விடவில்லை. தங்க நேர்ந்தது என் சக்திக்கு மீறிய காரணத்தால். ஒப்புக்கொண்டால், மறுபடி மருத்துவப் பரிசோதனை, கட்டணம் என்று சில படிகள் உண்டு.

இங்கேதான் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் உயிர் காக்கின்றன. முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைல் போடுங்கள்:

* அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு.

* ஒவ்வொரு தடவை காட்டிய மருந்துச் சீட்டு, பிசியோதெரபி ரசீது.

* நீங்கள் போட்டு, பிறகு ரத்து செய்த விமான டிக்கெட். 'போகத்தான் இருந்தேன்' என்பதற்கு இது நல்ல சாட்சி.

* டாக்டர் லெட்டர். 'இவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறார்' என்ற ஒற்றை வரி போதாது. என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஏன் நீண்ட விமானப் பயணம் செய்ய முடியாத நிலை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

* கணவருக்கு உடம்பு சரியில்லாமல் மனைவி தங்க நேர்ந்தால், 'உடனிருந்து கவனிக்க இவர் தேவைப்பட்டார்' என்று அதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் கார்டும் தனித்தனிக் கணக்கு!

இன்னொன்று... 'இனி பயணம் செய்யலாம்' என்று டாக்டர் சொன்ன பிறகு, 'பேத்தி கல்யாணம் முடியட்டும், வீட்டை விற்றுவிட்டுப் போகலாம்' என்று தள்ளிப்போட்டால், அந்த நாட்களை நோயின் கணக்கில் எழுத முடியாது.

எஸ்.பி.-1 கிடைக்காவிட்டால்? 21 வயது நிரம்பிய, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளை புதிதாக மனு போடலாம். பெற்றோருக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. ஆனால் எல்லாம் முதலிலிருந்து. நாளும் செலவும் ஆகும்.

அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்

விமான நிலையத்தில் அதிகாரிக்கு உங்கள் பதில் திருப்தி தரவில்லை என்றால், ஐ-407 என்ற படிவத்தை நீட்டக்கூடும். 'என் நிரந்தரக் குடியிருப்பு உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன்' என்பது அதன் பொருள். இருபது மணி நேரம் பயணம் செய்த களைப்பு, பாஷை தடுமாற்றம்... 'கையெழுத்துப் போட்டால் வெளியே விட்டுவிடுவார்கள்' என்று தோன்றும். போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் என் பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் இதைச் சொல்லி அனுப்பவேண்டும்.

விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு

பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்களுக்கும் இதே குழப்பம் உண்டு. விசாவில் 10 வருஷம் என்று இருக்கும். அது வாசல் வரை போக அனுமதி. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் அதிகாரி முடிவு செய்வார். வழக்கமாக 6 மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இப்போது அது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இறங்கியதும் பிள்ளையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே இருக்கும்போது உடம்பு முடியாமல் போனால், அந்தத் தேதி முடிவதற்கு முன்பே ஐ-539 படிவத்தில், டாக்டர் கடிதத்தோடு நீட்டிப்புக் கேட்கவேண்டும். பேசாமல் தங்கிவிட்டால் ஆபத்து. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷம், ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருஷம் உள்ளே வரத் தடை!

இந்திய இன்ஷூரன்ஸை விடாதீர்கள்

'அங்கேதானே இருக்கப் போகிறோம்' என்று இங்குள்ள மருத்துவ பாலிசியை விட்டுவிடுவது பெரிய தவறு. வருஷ பிரீமியத்துக்கு 30 நாள்தான் சலுகைக் காலம். விட்டுப்போய்ப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மறுபடி காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பு 3 வருஷம் வரை இருக்கலாம்.

மனசாட்சியைக் கேளுங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு, 'கார்டைக் காப்பாற்றவே வருஷா வருஷம் ஓடவேண்டுமா?' என்று அலுப்பாக இருக்கிறதா? அப்படியானால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசவேண்டிய நேரம் இது. உங்கள் டாக்டர், கோயில், சிநேகிதர்கள் எல்லாம் இங்கேதான், பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றால், க்ரீன் கார்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு விசிட்டர் விசா கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. கௌரவத்துக்காகக் கார்டை வைத்துக்கொண்டு, எழுபது வயசில் விமான நிலையத்தில் நடுங்குவதை விட அது மேல்.

இல்லை, பிள்ளையோடுதான் இருக்கப் போகிறோம் என்றால், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பழைய டிக்கெட்டைத் தேடி, அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய தேதியைக் கண்டுபிடியுங்கள். ஆறாவது மாதம் முடியும் நாளையும், ஒரு வருஷம் முடியும் நாளையும் காலண்டரில் சிவப்பு மையால் சுழியுங்கள். காலண்டரை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். படிவங்களும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அமெரிக்க அரசின் வலைத்தளத்தைப் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேதி குறிக்கும்போது டாக்டரிடம் கேட்கிற கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "டாக்டர், நான் எப்போ விமானம் ஏறலாம்?"